சேற்று நீரும் நண்டு ஓடும்

சிங்கப்பூரில் ஒரு கட்டுமானத் தளத்திலிருந்து பொது வடிகாலுக்குத் தண்ணீர் விட வேண்டுமென்றால், அதில் மிதக்கும் மண் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. சட்டம் அப்படி. நல்ல மழை ஒன்று பெய்து, அடித்தளத் தூண்களுக்காகப் பைலிங் போட்ட குழிகளில் தே தாரிக் (பால் டீ) நிறத்தில் தண்ணீர் தேங்கி நிற்கும்போது அந்த 50 எவ்வளவு சின்ன எண் என்று புரியும். இந்தத் தீவின் மூன்றில் இரண்டு பங்கு நிலம் நீர்ப்பிடிப்புப் பகுதி. இங்கே விழும் மழை வடிகால் வழியாகப் பதினேழு நீர்த்தேக்கங்களில் ஏதோ ஒன்றில் போய்ச் சேர்கிறது. 2008இல் மரினா அணைக்கட்டு வந்த பிறகு நகரத்தின் நடுவிலேயே ஒரு குடிநீர்த் தேக்கம் இருக்கிறது. ஆகவே சைட்டிலிருந்து போகும் சேறு யாரோ ஒருவர் குடிக்கப் போகும் தண்ணீருக்குள்தான் போகிறது. அதனால்தான் தண்ணீர் வெளியேறும் இடத்தில் கேமரா வைக்கச் சொல்லுகிறார்கள்.

என் வேலை இந்தக் கலங்கல் தண்ணீரோடுதான். சைட்டில் ஈசிஎம் என்போம். மண் அரிக்காமல் மூடி வைப்பது, வரும் தண்ணீரை ஒரு பக்கமாகத் திருப்புவது, சில்ட் டேங்கில் பிடித்துச் சேற்றைப் படிய வைத்துத் தெளிந்ததை மட்டும் வெளியே விடுவது, எல்லாம் இதில் அடங்கும். கொஞ்ச காலமாக இதில் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு படித்துக்கொண்டிருக்கிறேன்: செடியிலிருந்தும் விலங்கிலிருந்தும் எடுக்கும் பாலிமர்களை, அதாவது சங்கிலி போன்ற நீண்ட மூலக்கூறுகளை, வைத்துத் தண்ணீரைத் தெளிய வைப்பது. இணையத்தில் இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் "கெமிக்கல் வேண்டாம், இயற்கைக்குத் திரும்புவோம்" என்று ஆரம்பித்து அங்கேயே முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. தளத்தில் நிற்கிறவனுக்கு இது எங்கே உதவும், எங்கே உதவாது என்று தெரிய வேண்டும்.

முதலில், சேறு ஏன் தானாகப் படிவதில்லை? மணல் படிந்துவிடும், அதில் பிரச்சினை இல்லை. களிமண்தான் தொல்லை. ஒரு மைக்ரான் அளவுள்ள களிமண் துகள் அசையாத தண்ணீரில் ஒரு மீட்டர் இறங்குவதற்குக் கணக்குப்படி கிட்டத்தட்ட இரண்டு வாரம் ஆகும். அதற்குள் அடுத்த மழை வந்துவிடும், சிங்கப்பூரில் அதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். போதாததற்கு அந்தத் துகள்களின் மேற்பரப்பு எதிர் மின்னூட்டம் கொண்டது, அதனால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே மிதக்கும், சேர்ந்து கனமாகி விழாது. கல்லாங் ஆற்றுப் படுகைப் பக்கம் கடல் களிமண்ணில் தோண்டியவர்களுக்கு நான் சொல்வது தெரியும்.

அதனால் இரண்டு வேலை நடக்க வேண்டும். துகள்களின் எதிர் மின்னூட்டத்தைச் சமன் செய்ய நேர் மின்னூட்டமுள்ள ஏதாவது ஒன்று வேண்டும். அப்புறம், சேர ஆரம்பித்த சின்னத் திரள்களைப் பிணைத்துப் பெரிதாக்க நீளமான சங்கிலி மூலக்கூறு ஒன்று வேண்டும். முதல் வேலைக்கு ஆலம் என்று சொல்லும் அலுமினியம் சல்பேட், அல்லது இப்போதெல்லாம் பேக் என்று சொல்லும் பாலி அலுமினியம் குளோரைடு. ஊரில் குடத்தில் சுற்றுகிற படிகாரமும் இதே குடும்பம்தான். இரண்டாவது வேலைக்குப் பாலிஅக்ரிலமைடு. சைட்டில் வெறுமனே "பாலிமர்" என்றால் இந்த வெள்ளைத் தூள்தான், தரையில் சிந்தி அதன்மேல் தண்ணீர் பட்டால் எவனும் நிற்க முடியாது, அப்படி வழுக்கும்.

பாலிஅக்ரிலமைடு பெரிய விஷம் ஒன்றும் இல்லை. அதில் சேராமல் மிச்சம் இருக்கும் ஒற்றை மூலக்கூறான அக்ரிலமைடுதான் கவலை. மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்ற பட்டியலில் அது இருக்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 0.5 மைக்ரோகிராம் வரை என்று உலகச் சுகாதார நிறுவனம் எல்லை வைத்திருக்கிறது. இதே அக்ரிலமைடு உருளைக்கிழங்கு சிப்ஸ் பொரிக்கும்போதும் உண்டாகிறது என்று 2002இல் ஸ்வீடனில் கண்டுபிடித்துச் சொன்னார்கள், சிப்ஸ் விற்பனை அதனால் நின்றுவிடவில்லை. தூய்மையான தரத்தில் வாங்கி அளவோடு போட்டால் இதில் பயப்பட அதிகமில்லை என்பது என் கருத்து. ஆனாலும் இது பெட்ரோலியத்திலிருந்து வருவது, எளிதில் மட்காதது. வேறு வழி இருக்கிறதா என்று தேடுவதில் நியாயம் இருக்கிறது.

ராமநாதபுரத்துத் தம்பி ஒருவன் எங்கள் தளத்தில் பம்பு பார்த்துக்கொள்கிறான். நான் டேங்குப் பக்கம் பேக் கலக்கிக்கொண்டிருந்தபோது, "எண்ணே, எங்க ஊர்ல இதுக்குத் தேத்தாங்கொட்டைதாண்ணே. பானைக்குள்ள தேய்ச்சிட்டு ஊருணித் தண்ணிய ஊத்தி வச்சா காலையில பளிச்சுனு இருக்கும்" என்றான். "இங்க ஒரு நாளைக்கு எத்தனை லாரித் தண்ணி வருதுன்னு பாத்தியா? அத்தனைக்கும் நீதான் தேய்க்கணும்" என்றேன். சிரித்தான். ஆனால் அவன் சொன்னது சரியான விஷயம். தேற்றா மரத்தின் விதை கலங்கிய நீரைத் தெளிய வைப்பது கலித்தொகை காலத்திலேயே தெரிந்திருந்தது. காதலனோடு சேர்ந்து மனம் தெளிந்த பெண்ணுக்கு அதை உவமையாகச் சொல்கிறார்கள். எட்டி மரமும் இதுவும் ஒரே பேரினம், ஆனால் எட்டிக்கொட்டையின் நஞ்சு இதில் கிடையாது. விதைக்குள் இருப்பவை காலக்டோமன்னன், காலக்டான் என்ற நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள். கரடுமுரடான பானைச் சுவரில் தேய்க்கும்போது அவை கரைந்து வருகின்றன, களிமண் துகள்களைப் பிணைத்துத் திரட்டுகின்றன.

முருங்கை விதை வேறு மாதிரி வேலை செய்கிறது. அதில் உதவுவது சர்க்கரைச் சங்கிலி இல்லை, புரதம். அளவில் சின்ன, நேர் மின்னூட்டம் மிகுந்த, தண்ணீரில் கரையும் புரதம். சேர்க்க வேண்டிய நேர் மின்னூட்டத்தைச் செடியே செய்து வைத்திருக்கிறது. சூடானில் நைல் நதியின் கலங்கல் நீரைப் பெண்கள் இந்த விதையால் தெளிய வைப்பதை சாமியா அல் அஸரியா ஜான் என்ற ஆய்வாளர் 1970களிலிருந்து ஆராய்ந்து எழுதினார், உலகம் இதைக் கவனித்ததில் அவருக்குப் பெரிய பங்கு. ஒரு லிட்டருக்கு ஓரிரு விதை என்ற அளவில், தோல் நீக்கி இடித்து, கொஞ்சம் தண்ணீரில் கலக்கி, துணியில் வடிகட்டி ஊற்றுவார்கள். விதையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எண்ணெய். அதைப் பிழிந்து விற்றுவிட்டு, மிஞ்சும் பிண்ணாக்கைத் தண்ணீருக்குப் பயன்படுத்தலாம், புரதம் பிண்ணாக்கிலேயே தங்கிவிடும். இது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி, ஏனென்றால் கழிவாக வருவதுதான் மருந்து. ஒன்று சொல்லிவிடுகிறேன்: தேக்கா சந்தையில் வாங்கும் முருங்கைக்காயின் விதை இதற்கு ஆகாது. அது சாம்பாருக்கு. மரத்திலேயே முற்றிக் காய்ந்து நெற்று வெடிக்கிற பருவத்து விதைதான் வேண்டும்.

குறை என்னவென்றால், புரதத்தோடு விதையிலுள்ள மற்ற கரிமப் பொருள்களும் தண்ணீரில் இறங்கிவிடும். களிமண் போய்விடும், தண்ணீர் கண்ணாடியாக இருக்கும், ஆனால் கிருமிகளுக்கு உணவும் அதிலேயே கரைந்திருக்கும். அன்றே குடித்துத் தீர்க்க வேண்டும். குழாய்நீர் நிலையத்தில் இதைப் போட்டால் பின்னால் சேர்க்கும் குளோரின் இந்தக் கரிமப் பொருளோடு வினைபுரிந்து வேண்டாத துணைப்பொருள்களை உண்டாக்கும். ஆற்றங்கரையில் வேறு வழியில்லாத வீட்டுக்கு இது வரம். நவீனக் குடிநீர் ஆலைக்கு, புரதத்தைத் தனியே பிரித்துச் சுத்தம் செய்யாதவரை, தலைவலி.

சரி, நண்டுக்கு வருவோம்.

சிங்கப்பூரில் சில்லி கிராப் எவ்வளவு சாப்பிடுகிறோமோ அவ்வளவு ஓடு குப்பைக்குப் போகிறது. இறால் தோலும் அப்படியே. உலகம் முழுவதும் ஆண்டுக்கு 60 முதல் 80 லட்சம் டன் நண்டு, இறால், சிங்கிறால் ஓடுகள் கழிவாகின்றன என்று 2015இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் நிங் யானும் அவருடைய சகாவும் எழுதினார்கள். அந்த ஓட்டில் புரதம், சுண்ணாம்பு, கைட்டின் என்ற நீண்ட சர்க்கரைச் சங்கிலி மூன்றும் இருக்கின்றன. கைட்டினை முதலில் கண்டுபிடித்தது நண்டில் கூட இல்லை, 1811இல் பிரான்சில் அன்றி பிராக்கோனோ என்பவர் காளானில் கண்டார். 1859இல் ரூஜே என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் கைட்டினைக் காரத்தில் கொதிக்க வைத்தால் அமிலத்தில் கரையும் பொருளாக மாறுவதைப் பார்த்தார். அதுதான் கைட்டோசன்.

கைட்டோசனின் சிறப்பு அதன் சங்கிலி நெடுக இருக்கும், நைட்ரஜன் கொண்ட அமீன் தொகுதிகள். தண்ணீர் சற்று அமிலமாக இருந்தால் இவை நேர் மின்னூட்டம் பெறும். ஆக மேலே சொன்ன இரண்டு வேலையையும், அதாவது மின்னூட்டத்தைச் சமன் செய்வது, சங்கிலியால் பிணைப்பது இரண்டையும், ஒரே பொருள் செய்கிறது. செடியில் கிடைக்கும் பாலிமர்களில் பெரும்பாலானவை நடுநிலையானவை, அல்லது எதிர் மின்னூட்டம் கொண்டவை. கொத்தவரை விதைப் பசை, புளியங்கொட்டைப் பசை, மாவு எல்லாம் பிணைக்கும், சமன் செய்யாது. நேர் மின்னூட்டமுள்ள நீண்ட சர்க்கரைச் சங்கிலி இயற்கையில் அரிது. வினிகர் கலந்த தண்ணீரில் கைட்டோசனைக் கரைத்து, சேற்று நீரில் லிட்டருக்குச் சில மில்லிகிராம் விட்டாலே திரள் உருவாகும். அலுமினியத்தைவிடக் குறைந்த அளவு போதும், படியும் சேறும் குறைவு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கட்டுமானத் தளங்களின் மழைநீருக்குக் கைட்டோசன் போட்டு மணல் வடிகட்டியில் விடும் முறை புழக்கத்தில் இருக்கிறது. எங்கள் தொழிலில் என்னைப் பிடித்து இழுத்தது இந்தச் செய்திதான்.

ஆனால் தளத்தில் வேலை செய்கிறவனுக்கு உடனே ஒரு கேள்வி வரும்: சிமெண்ட்? கான்கிரீட் லாரி கழுவிய தண்ணீர் கலந்தால், அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் 11, 12 என்று காரப் பக்கம் ஏறிவிடும். கைட்டோசனின் மின்னூட்டம் பிஎச் 6.5 வாக்கிலேயே பாதியாகிவிடும், அதற்கு மேல் போகப் போக அது கரையாமல் தானே சேறாக நிற்கும். ஆகவே முதலில் பிஎச்சைக் கீழே கொண்டுவர வேண்டும், கார்பன் டை ஆக்சைடு குமிழ் விட்டோ அமிலம் சேர்த்தோ. எப்படியும் பிஎச்சைக் குறைத்துவிட்டுத்தானே வெளியே விடப் போகிறோம் என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான், ஆனால் வரிசை மாறுகிறது. பலர் கடைசியில் செய்யும் திருத்தத்தை முதலிலேயே செய்ய வேண்டியிருக்கும், டேங்கின் அமைப்பையே மாற்ற வேண்டியிருக்கும். ஆலமும் பிஎச்சில் நுணுக்கம் பார்ப்பதுதான் என்றாலும், கைட்டோசன் இந்த விஷயத்தில் ரொம்பக் கறார்.

அளவு கூடினாலும் வம்பு. எதிர் மின்னூட்டத்தைச் சமன் செய்யப் போட்டது மிஞ்சிப் போனால் துகள்கள் எல்லாம் நேர் மின்னூட்டத்துக்கு மாறி மறுபடியும் ஒன்றையொன்று தள்ள ஆரம்பிக்கும். தெளிந்த தண்ணீர் மீண்டும் கலங்கும். தெளியவில்லை என்று இன்னும் இரண்டு வாளி ஊற்றுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், எந்த பாலிமராக இருந்தாலும் அது தப்பு. ஜார் டெஸ்ட் என்று ஒன்று இருப்பது இதற்குத்தான்: ஒரே தண்ணீரை வரிசையாகக் குவளைகளில் எடுத்து, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு அளவு விட்டு, ஒரு நிமிடம் வேகமாகவும் பிறகு கால் மணி நேரம் மெதுவாகவும் கலக்கி, அரை மணி நேரம் விட்டுப் பார்ப்பது. மெதுவாகக் கலக்குவதைத்தான் எல்லோரும் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். திரள் வளர்வதே அப்போதுதான்.

இன்னொன்று, யாரும் சொல்ல விரும்பாதது. நேர் மின்னூட்டப் பாலிமர் எதுவானாலும், நண்டிலிருந்து வந்ததானாலும், அதிகமாக ஆற்றில் போனால் மீனுக்கு ஆபத்து. மீனின் செவுளும் எதிர் மின்னூட்டம் கொண்டது, பாலிமர் அதில் போய் ஒட்டிக்கொள்ளும், மீன் மூச்சுத் திணறும். டிரவுட் மீன்களில் கைட்டோசனை வைத்தே இதைப் பார்த்திருக்கிறார்கள். அதனால்தான் கைட்டோசனுக்குப் பிறகு மணல் வடிகட்டி கட்டாயம், வெளியேறும் நீரில் மிச்சம் இருக்கிறதா என்ற சோதனையும் கட்டாயம். பொட்டலத்தில் பச்சை இலை படம் போட்டிருப்பது செவுளுக்குத் தெரியாது.

அந்தப் பச்சை இலையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நண்டு ஓட்டைக் கைட்டோசனாக்கும் வழக்கமான முறையில் சுண்ணாம்பை நீக்க ஹைட்ரோகுளோரிக் அமிலம், புரதத்தை நீக்கக் காஸ்டிக் சோடா, கடைசியில் கைட்டினை மாற்ற 40, 50 சதவீதக் காஸ்டிக் சோடாவில் சூடாக்குவது, நடுநடுவே ஏகப்பட்ட தண்ணீரில் கழுவுவது. தண்ணீரைச் சுத்தம் செய்யும் பொருளைச் செய்ய அவ்வளவு தண்ணீர் அழுக்காகிறது. வாட்டில் மரம் தெரியும்தானே, நீலகிரியிலும் கொடைக்கானலிலும் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து நட்டு, இன்று சோலைக்காடுகளை விழுங்கிக்கொண்டிருக்கிறதே, அதன் பட்டையிலுள்ள, தோல் பதனிட உதவும் டானினும் தண்ணீர் சுத்திகரிப்பில் பயன்படுகிறது, பிரேசிலில் வியாபார அளவிலேயே செய்கிறார்கள். ஆனால் டானின் இயல்பில் எதிர் மின்னூட்டமுடையது. அதை நேராக மாற்ற ஃபார்மால்டிஹைடும் அம்மோனியம் குளோரைடும் சேர்க்கிறார்கள். புளியங்கொட்டைப் பசையை வலுவாக்கப் பல ஆய்வுகளில் அதன்மேல் எதை ஒட்டவைக்கிறார்கள் தெரியுமா? பாலிஅக்ரிலமைடை. படித்தபோது சிரிப்பு வந்தது.

இதனால் இதெல்லாம் ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. செய்முறை மாறிக்கொண்டிருக்கிறது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இறால் தோலோடு பழக்கழிவைச் சேர்த்து நொதிக்க வைத்துக் கைட்டின் எடுத்திருக்கிறார்கள், பழத்திலுள்ள சர்க்கரை நொதித்து அமிலமாகிச் சுண்ணாம்பைக் கரைக்கிறது, வெளியிலிருந்து கடும் அமிலம் ஊற்ற வேண்டியதில்லை. இறால் தோலும் பழத்தோலும் இந்த ஊரில் தட்டுப்பாடில்லாத பொருள்கள். காளானிலிருந்தும் பூஞ்சையிலிருந்தும் கைட்டோசன் எடுக்கலாம், எங்கள் அலுவலகத்துச் சைவ அக்கா "அப்போ சரி" என்று நிம்மதிப்பட்ட ஒரே தகவல் அது.

இயற்கைப் பாலிமருக்குச் சாதகமாக எல்லாக் கட்டுரையிலும் வரும் ஒரு வாதம், படியும் சேறு மட்கும், உரமாக்கலாம் என்பது. ஊரில் அது பெரிய லாபம், மறுக்க முடியாது. சிங்கப்பூரில் கழிவுநீர்ச் சேற்றை எரித்துவிடுகிறார்கள். எரிந்த சாம்பலைக் கொட்டும் இடமான செமக்காவ் தீவு 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்கிறார்கள். எனவே இங்கே மட்குமா என்று கேட்பதைவிட, எரித்தால் எவ்வளவு சாம்பல் மிஞ்சும் என்றுதான் கேட்க வேண்டும். அதில் கைட்டோசனும் மாவும் நன்றாக நிற்கும், அவை எரிந்து போய்விடும். அலுமினியம் ஆக்சைடாகச் சாம்பலிலேயே கிடக்கும். இந்தக் கோணத்தில் சிங்கப்பூருக்குப் பொருத்தமான வாதத்தை இதுவரை அதிகம் பேர் எழுதிப் பார்த்ததில்லை.

உணவுத் தொழிற்சாலைக் கழிவுநீரில் இவற்றுக்கு இன்னும் நல்ல இடம் இருக்கிறது, அங்கே திரளும் சேற்றில் மாவும் புரதமும்தான், அலுமினியம் கலக்காமல் இருந்தால் திரும்ப எடுத்துப் பயன்படுத்தலாம். அந்தத் துறைக்கு இது புதிதும் இல்லை. இந்தியாவில் வெல்லம் காய்ச்சுகிற இடங்களில் கரும்புச் சாற்றின் அழுக்கைத் திரட்ட வெண்டைச் செடியின் கொழகொழச் சாறு ஊற்றும் பழக்கம் உண்டு. பீர் தெளிய வைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த கொலாஜன் போடுவார்கள், அதே காற்றுப்பையைத்தான் சீனப் புத்தாண்டு விருந்தில் சூப்பாக வைக்கிறார்கள். சாயக் கழிவு, கன உலோகம் பற்றியும் கைட்டோசனில் ஆய்வுக் கட்டுரைகள் மலையாய்க் குவிந்திருக்கின்றன. அவற்றில் நிறைய, சுத்தமான தண்ணீரில் ஒரே ஒரு சாயத்தையோ வெள்ளைக் களிமண்ணையோ கலக்கிச் செய்தவை. 99 சதவீதம் நீங்கியது என்று முடியும். உப்பும் சோப்பும் எண்ணெயும் சேர்ந்து வரும் நிஜக் கழிவுநீரில் செய்ததா என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் நான் மேலே படிக்கிறேன்.

விலையில் கைட்டோசன் ஆலத்தைவிடப் பல மடங்கு அதிகம். அளவு குறைவாகப் போதும் என்பதைக் கழித்தாலும் அதிகம்தான். குடிநீர் ஆலைக்கு இன்று இதைப் பரிந்துரைக்க மாட்டேன். சிமெண்ட் கலக்காத, மண் வேலை மட்டும் நடக்கிற தளத்தில், பின்னால் மணல் வடிகட்டி வைக்க இடம் இருந்தால், முயன்று பார்க்கலாம் என்பேன். விற்க வருகிறவரிடம் எத்தனை சதவீதம் டிஅசிட்டைலேஷன் (கைட்டின் கைட்டோசனாக மாறிய அளவு), மூலக்கூறு எடை என்ன, கரைத்த பிறகு எத்தனை நாள் தாங்கும், வெளியேறும் நீரில் மிச்சத்தைச் சோதிக்கக் கிட் தருவீர்களா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் வரவில்லையென்றால் வாங்காதீர்கள். வாங்கினாலும் உங்கள் தளத்துத் தண்ணீரிலேயே ஜார் டெஸ்ட் செய்து காட்டச் சொல்லுங்கள், அதுவும் மழை பெய்த மறுநாள் காலைத் தண்ணீரில்.